ஈரத்தை மேலே வையுங்கள்

 

கண்டி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் நம் முன் இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் தொழில் புரிகிறார். வீட்டில் இருப்பது முப்பது வயதை நெருங்கும் ஒரு ஜப்பான் கார். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கூட்டிச் செல்வதும், உம்மாவைக் கிளினிக்குக் கொண்டு போவதும் அந்தக் காரில்தான். மழை பெய்தால் டிக்கியினுள் தண்ணீர் நிற்கிறது. அதிலே வைத்திருந்த தொழுகை விரிப்புகள் நனைந்து பூஞ்சணம் பிடித்து விட்டன. காரை விற்று விடும்படி கணவர் சொல்லியிருக்கிறார். பார்க்க வந்த தரகரோ, "புதுக் கார்பட் ஒன்றைப் போட்டு, நல்ல வாசனை எதையாவது வைத்து விடுங்கள். வெயில் நாளில் காட்டினால் ஒருவருக்கும் தெரியாது" என்று யோசனை கூறியிருக்கிறார். அந்த விரிப்பில் தொழலாமா, தண்ணீர் வருவதை நிறுத்த வழி உண்டா, தரகர் சொன்னபடி விற்பது கூடுமா என்று மூன்று கேள்விகளைச் சகோதரி கேட்டுள்ளார்.

மார்க்க விளக்கம் எழுதும் பக்கத்தில் கார் டிக்கிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை அவர்கள் நினைவுக்குக் கொண்டு வரட்டும். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் குவித்து வைக்கப்பட்டிருந்த ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்து விட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும் விதமாக அதை மேலே வைத்திருக்கலாமே என்று கூறிய நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

மழை பெய்ததற்காக அந்த வியாபாரியை நபியவர்கள் கண்டிக்கவில்லை. நனைந்ததைக் கீழே போட்டுக் காய்ந்ததை மேலே பரப்பியதற்காகவே கண்டித்தார்கள். நம் சகோதரியின் கேள்விக்கும் இதைவிடப் பொருத்தமான ஹதீஸ் ஒன்று இருக்க முடியாது. அங்கே தானியம், இங்கே கார்பட். இரண்டின் அடியிலும் மழைநீர்.

நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. நிஸான் சனி, டொயோட்டா கொரோலா, மிட்ஸுபிஷி லான்ஸர் போன்ற பழைய வாகனங்கள் இன்றும் பல குடும்பங்களைச் சுமந்து கொண்டு ஓடுகின்றன. ஆகவே இது ஒரு சகோதரியின் பிரச்சினை மாத்திரமல்ல. அனுபவமுள்ள டிங்கர் பாஸ்மாரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கையை விட்டுப் பாருங்கள்

டிக்கியிலுள்ள பொருட்கள் அனைத்தையும் வெளியில் எடுங்கள். கார்பட், அதன் கீழுள்ள பலகை, ஸ்பெயார் டயர், ஜெக் எல்லாவற்றையும் அகற்றுங்கள். டயர் வைக்கும் குழிதான் பெரும்பாலான கார்களில் டிக்கியின் ஆகத் தாழ்ந்த இடம். எங்கே நுழைந்தாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து தங்கும். குழியில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காகக் குழியில்தான் ஓட்டை என்று முடிவு செய்து விட வேண்டாம். ஒழுகும் வீட்டில் ஓடு உடைந்த இடம் ஒன்று, சொட்டு விழும் இடம் வேறொன்று என்பதை மழைக்கு மழை வாளி வைத்துப் பழகிய தாய்மார் நன்கறிவார்கள்.

தேங்கிய தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து, டிக்கியை நன்றாக உலர விடுங்கள். கார்பட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அது காயாதவரை நாற்றம் போகாது. தகரம் உலர்ந்த பின் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தண்ணீர் ஓடிய வழியில் மண் கோடோ, செந்நிறக் கறள் கோடோ தெரியும். அந்தக் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து சென்றால் வாசல் அகப்படும்.

தண்ணீர் நுழையும் வாசல்கள்

முதலாவது, டிக்கியைச் சுற்றியுள்ள ரபர். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்து அது இறுகி, அமுங்கி, சில இடங்களில் கிழிந்து போயிருக்கும்.

இரண்டாவது, பின் லாம்புகள். லாம்புக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய பஞ்சு அல்லது ரபர் வளையம் உண்டு. அது உக்கிப் போனால் லாம்பைச் சுற்றி மழைநீர் உள்ளே இறங்கும். ரபரை மாற்றி மாற்றிப் பார்த்தும் தண்ணீர் நிற்கவில்லை என்று சலித்துப் போகும் பலருக்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு. கண்ணாடி ரபருக்கு அடியில் கறள் பிடித்துச் சிறு துளை விழுந்திருந்தால் நீர் ஆசனத்தின் பின்புறமாக டிக்கிக்குள் ஓடும்.

நான்காவது, கூரையின் இரு ஓரங்களிலுமுள்ள பள்ளமும், தகரத் துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் மூட்டுகளும். அங்கே பூசப்பட்டிருக்கும் பசை காலப்போக்கில் வெடிக்கும். முன்பு விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட காராக இருந்தால் இந்த இடத்தை விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

இவை தவிர, அன்டெனா பொருத்திய துளை, பின்னால் பூட்டிய அலங்காரத் தகடுகளின் ஆணித் துளைகள், பம்பரின் பின்னே மறைந்திருக்கும் காற்றுவழிகள் ஆகியவற்றாலும் நீர் வரலாம். டிக்கியின் அடித்தகட்டிலுள்ள ரபர் மூடிகள் விழுந்திருந்தால் வீதியில் தெறிக்கும் நீரே உள்ளே ஏறிவிடும்.

காசு செலவில்லாமல் தீரும் காரணம் ஒன்றும் உண்டு. டிக்கி மூடியைச் சுற்றியுள்ள வாய்க்கால் வழியாகவே மழைநீர் வழிந்தோட வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரின் வாய்க்காலில் மாவிலையும் ஜம்புப் பூவும் சேர்ந்து அடைத்தால், நீர் ரபருக்கு மேலாக உயர்ந்து உள்ளே சரியும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் வாரம் ஒரு முறை சுத்தம் செய்தாலே போதும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

ரபர் சரியாக முட்டுகிறதா என்று அறிய, அதன் மேற்புறம் முழுவதும் வெண்கட்டியைத் தேயுங்கள். மூடியை ஒரு முறை மூடித் திறந்தால் மூடியின் உட்புறத்தில் கோடு பதிந்திருக்கும். வெள்ளைக் கார் என்றால் நிற வெண்கட்டியைப் பாவியுங்கள். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரபர் முட்டவில்லை. ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்தும் பார்க்கலாம். இறுக்கமின்றி இலகுவில் வந்துவிட்டால் அவ்விடம் தளர்வாக இருக்கிறது.

அடுத்து நீர்ச் சோதனை. காய்ந்த டிக்கியினுள் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, பக்கங்களிலும் மூட்டுகளிலும் கூட ஒட்டி வையுங்கள். மூடியை மூடி, தண்ணீர்க் குழாயால் வேகமின்றி மெதுவாக ஊற்றுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது முக்கியம். முதலில் பம்பர்ப் பக்கம், பிறகு ஒவ்வொரு லாம்பு, பிறகு மூடியின் ஓரம், பிறகு பின் கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் ஊற்றித் திறந்து பாருங்கள். தாள் எந்தப் பக்கத்தில் நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் வாசல். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதையும் அறிய முடியாமற் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளேயிருந்து பார்க்கட்டும் என்று எந்தப் பிள்ளையையும் டிக்கிக்குள் விட்டு மூடாதீர்கள். பழைய கார்களின் டிக்கியை உள்ளிருந்து திறக்க வழி இருக்காது. காற்றின்றியும் வெப்பத்தாலும் உயிர் போகும் அபாயம் உண்டு. சாதாரண நாட்களிலும் டிக்கியைத் திறந்து போட்டுவிட்டு அங்கும் இங்கும் போகாதீர்கள்.

அடைக்கும் போது கவனிக்க வேண்டியவை

லாம்புதான் காரணம் என்றால் வேலை இலகுவானது. உட்புறமாக உள்ள நட்டுகளைக் கழற்றி லாம்பை வெளியே எடுத்து, பழைய வளையத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதியதைப் போட வேண்டும். நட்டுகளை அளவுக்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

டிக்கி ரபர் இறுகியிருந்தால் மாற்றுவதே முறை. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய கார்களுக்கான உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன. பாவித்த ரபரை வாங்குவதாயின் அமுக்கிப் பார்த்து, மீண்டும் எழும்புகிறதா என்று கவனித்து வாங்க வேண்டும. ரபர் நன்றாக இருந்தும் மூடி தளர்வாக இருந்தால், பூட்டு விழும் கொக்கியைச் சற்று இறக்கிப் பொருத்தினாலே சரியாகிவிடும். ரபருக்கு வஸ்லின், கிறீஸ், எஞ்சின் ஒயில் போன்றவற்றைப் பூச வேண்டாம். அவை ரபரைப் பழுதாக்கும்.

மூட்டு வெடித்திருந்தால் கறளை முற்றாகச் சுரண்டி, கறளைத் தடுக்கும் அடிப்பூச்சைப் பூசி, வாகனங்களுக்கென்றுள்ள மூட்டுப் பசையை இட்டு, அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும், வினாகிரி வாசம் வீசும் சாதாரண சிலிகனை அப்பி விடுவது பலருடைய பழக்கம். அதிலிருந்து வெளியாகும் அமிலம் வெறுந்தகரத்தைக் கறள் பிடிக்கச் செய்யும். அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. கறளின் மேல் பசையைப் பூசுவதும் இதே போன்றதுதான். மேலே அழகாகத் தெரியும், கீழே தகரம் உக்கிக் கொண்டே போகும்.

நீர் வெளியேறட்டும் என்று அடித்தகட்டில் துளை போடுவதும் மூடியைக் கழற்றி விடுவதும் தீர்வாகாது. மேலால் வந்த நீர் போக, கீழாலும் நீர் வரத் தொடங்கும்.

நாற்றம் போக, கார்பட்டைக் கழற்றி வெயிலில் போடுங்கள். பூஞ்சணத்தை நீர் கலந்த வினாகிரியால் தேய்த்துக் கழுவலாம். குளோரினையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வீட்டில் முட்டு வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் இவ்வேலையில் ஈடுபடாதிருப்பது நல்லது.

உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்

டிக்கிதானே, சாமான் வைக்கும் இடம்தானே என்று இதனை அலட்சியப்படுத்த வேண்டாம். நீர் நுழையும் துளையால் புகையும் நுழையும். பின் லாம்பு வளையமும் அடித்தகட்டு மூடிகளும் புகைக்குழாய்க்கு அண்மையில் உள்ளவை. பல பழைய கார்களில் டிக்கிக்கும் பின் ஆசனத்துக்கும் இடையே இருப்பது ஓர் அட்டை மாத்திரமே. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் ஆசனத்தில் அமரும் பிள்ளைகளுக்குப் பயணத்தில் தலைவலி, குமட்டல், வழமைக்கு மாறான தூக்கம் ஏற்பட்டு, இறங்கியதும் தெளிந்தால், உடனே காரைச் சோதிக்க வேண்டும். பிள்ளை மயங்கினாலோ தெளியாவிட்டாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஈரத்தால் லாம்பின் வயர் முனைகளில் பாசி படர்ந்து பிரேக் லைட் எரியாமற் போகலாம். ஓட்டுபவருக்கு அது தெரியாது, பின்னால் வருபவருக்கே தெரியும். ஜெக்கும் கறள் பிடித்து, டயர் மாற்ற வேண்டிய நேரத்தில் அசையாமல் நிற்கும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் பெரிய பற்றரி பின் ஆசனத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே நீர் சென்றிருந்தால் நீங்களாகக் கழற்ற முனையாமல் அத்துறை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அந்த விரிப்பில் தொழலாமா?

வானிலிருந்து இறங்கும் நீர் தூய்மையானது என்பதை ஸூரத்துல் புர்கானின் 48ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. நெடுநாள் தேங்கியதால் நீரின் நிறமும் மணமும் மாறினாலும் அதனால் மாத்திரம் அது நஜிஸாகி விடாது என்பது புகஹாக்களின் கருத்து. பூஞ்சண நாற்றம் அருவருப்பானதே தவிர நஜிஸ் அல்ல. ஆகவே அவ்விரிப்பில் தொழுத தொழுகைகள் பற்றிச் சகோதரி கவலைப்பட வேண்டியதில்லை. எனினும் அதனைக் கழுவி வெயிலில் உலர்த்திப் பாவிப்பதே தொழுகையின் கண்ணியத்துக்கு ஏற்றது.

ஒரு விடயத்தை மறந்து விடக் கூடாது. உழ்ஹிய்யா நாட்களில் இறைச்சிப் பைகளை ஏற்றி, அதிலிருந்து இரத்தம் வழிந்து கார்பட்டில் ஊறியிருந்தால், பின்னர் வரும் மழைநீர் அந்த நஜிஸைப் பரப்பி விரிப்பிலும் சேர்த்துவிடும். அவ்வாறு நடந்திருப்பது உறுதியானால் இரண்டையும் கழுவிச் சுத்தப்படுத்த வேண்டும். வெறும் சந்தேகத்துக்காக மனதைக் குழப்பிக் கொள்ளத் தேவையில்லை. குர்ஆன் பிரதிகளையும் பிள்ளைகளின் கிதாபுகளையும் டிக்கியில் வைக்காமலிருப்பது நமது பழக்கமாகட்டும்.

விற்கும்போது

இனித் தரகரின் யோசனைக்கு வருவோம். குறையுள்ள பொருளை அக்குறையைத் தெளிவுபடுத்தாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஹலாலாகாது என்ற கருத்தில் உக்பா பின் ஆமிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது.

புதுக் கார்பட் போடுவது கூடும். வாசனை வைப்பதும் கூடும். ஈரத்தை மறைக்கும் நோக்கத்தோடு அவற்றைச் செய்வதுதான் கூடாது. கார் கணவருடையது, விற்பவர் மனைவி, பேசியவர் தரகர் என்று பொறுப்பைப் பங்கு போட்டுத் தப்பவும் முடியாது. குறையை அறிந்த ஒவ்வொருவர் மீதும் அதைச் சொல்லும் கடமை உண்டு. "உள்ளபடியே விற்கிறேன், பிறகு கேட்கக் கூடாது" என்று சொல்லி விடுவதும், குறையை அறிந்து கொண்டே மறைத்தவருக்குத் தப்பும் வழியாகாது. விற்பனைக்கு முன்பே இருந்த குறையொன்று பின்னர் தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்கியுள்ளது. ஏற்கெனவே இவ்வாறு விற்று விட்டவர்கள் வாங்கியவரைத் தேடிச் சென்று சொல்லி, நியாயமான ஒரு தீர்வுக்கு வர வேண்டும்.

சொன்னால் விலை விழுந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. வெளிநாட்டில் உழைக்கும் ஒருவரின் வியர்வைக்கு இழப்பு வரக் கூடாதுதான். அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையை இவ்வளவு விரிவாக எழுதினேன். "டிக்கியில் தண்ணீர் வருகிறது" என்று மாத்திரம் சொன்னால் வாங்க வருபவர் முழுக் காரும் உக்கிவிட்டதாக எண்ணி விலையைக் குறைப்பார். "வலது லாம்பின் வளையம் பழுதாகியிருந்தது, மாற்றியாயிற்று, இதோ பில், குழியில் இந்த இடத்தில் சிறிது கறள் இருக்கிறது" என்று கார்பட்டைத் தூக்கிக் காட்டினால் பேச்சு அந்த அளவோடு நிற்கும். முற்றாகத் திருத்தப்பட்ட குறை குறையாகாது. அது விட்டுச் சென்ற கறள் மிஞ்சியிருந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஆண் துணையின்றி ஒரு பெண் விற்கிறாள் என்பதைக் கண்டு, சிறு ஒழுக்கைப் பெரிதாக்கி விலையை அடித்துப் பேசுவதும் நேர்மையாகாது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்த ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்களுக்காக 300 திர்ஹம்களுக்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. குதிரையின் பெறுமதி அதைவிட அதிகம் என்று கண்ட அவர்கள், அதன் உரிமையாளரிடமே அதைச் சொல்லி, விலையைத் தாமாகவே கூட்டிக் கூட்டி 800 திர்ஹம்கள் கொடுத்தார்கள் என்று தபரானியில் பதிவாகியுள்ளது. அக்காலத்தின் வாகனம் குதிரை. வாகனங்கள் மாறிவிட்டன, கடமை மாறவில்லை.

ஆகவே சகோதரியே! தரகர் வெயில் நாளைத் தேடட்டும், நீங்கள் அதற்குள் வாசலைத் தேடுங்கள். மேலே சொன்ன சோதனையைச் செய்து, ஒரு பாஸிடம் காட்டி, தண்ணீர் எங்கால் வருகிறது, திருத்த எவ்வளவு முடியும், வாங்குபவரிடம் என்ன சொல்லப் போகிறோம் என்ற மூன்றையும் கணவருக்கு அறிவித்து விடுங்கள். தரகருக்கும் அதையே சொல்லுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வேறு தரகர் கிடைப்பார். இன்ஷா அல்லாஹ், வாங்குபவரும் கிடைப்பார்.

நமது சம்பாத்தியத்திலும் நமது பிள்ளைகள் உண்ணும் உணவிலும் பரக்கத்தை இறக்கி, மறைத்துப் பெறும் இலாபத்தை விட்டு நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.